கொழுந்தைச் சுருட்டும் புழுவும் ஒரு சின்னக் குளவியும்

கொழுந்து எடுக்கும் சகோதரிகள் மலையில் அடிக்கடி காண்கிற விஷயம்தான் இது. இரண்டு மூன்று தளிர் இலைகள் நூலால் தைத்தது போல ஒட்டிக்கிடக்கும். பிரித்தால் உள்ளே ஒரு பச்சைப் புழு, தலை மட்டும் கறுப்பு. தொட்டால் பின்பக்கமாக நெளிந்து, நூலில் தொங்கிக் கீழே இறங்கிவிடும். இதுதான் இலைசுருட்டிப் புழு. ஆபீசில் டோர்ட்ரிக்ஸ் என்பார்கள். தமிழ்நாட்டில் கச்சான் பயிர் செய்கிறவர்களுக்கும் இதே மாதிரி இலையைச் சுருட்டித் தின்னும் வேறொரு புழு பெரிய தொல்லை.

இரண்டுமே சின்ன அந்துப்பூச்சிகளின் குஞ்சுகள். நம்ம மலையில் உள்ள பூச்சி மண்ணிறமானது, இரவில் பறக்கும். இது தேயிலைக்கு முன்பே இங்கே இருந்தது. கோப்பிக் காலத்தில், 1861ஆம் ஆண்டில், கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி எழுதிய நீட்னர் என்பவர் இதற்குக் கோப்பியின் பெயரையே வைத்தார். கோப்பி அழிந்து தேயிலை வந்தது, புழுவும் தேயிலைக்கு மாறிக்கொண்டது.

புழு தின்பது கொழுந்தை. கொழுந்து குறைந்தால் கூடையில் கிலோ குறையும், நாட்பேருக்குக் கஷ்டம் வரும். அதனால்தான் "மருந்து அடிக்கச் சொல்லுங்க" என்று பலர் கேட்கிறார்கள். ஆனால் புழு சுருட்டிய இலைக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. மேலே அடிக்கிற மருந்து அதற்குச் சரியாகப் போய்ச் சேராது. வெளியே பறந்து திரிகிற நல்ல பூச்சிதான் முதலில் சாகும்.

அப்படி ஒரு நல்ல பூச்சி நம்ம மலைகளில் உண்டு. மெல்லிய சின்னக் குளவி. 1935, 36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். இது மனிதரைத் தேடி வந்து கொட்டுகிற குளவி இல்லை. இளம் புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குளவிக் குஞ்சு புழுவை உள்ளேயிருந்தே தின்று தீர்த்துவிடும். அதற்கு முன் பெரிய அழிவு செய்த இலைசுருட்டி, சில வருடங்களில் அடங்கிப்போனது.

பிறகு 1950களில், தண்டைத் துளைக்கும் ஷொட் ஹோல் போரர் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். வண்டு குறைந்தது, கூடவே குளவியும் செத்தது. இலைசுருட்டி மறுபடி கிளம்பி மலை மலையாகத் தின்றது! அந்த மருந்து இப்போது பாவனையில் இல்லை. ஆனால் லயத்துப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் போடுகிறவர்கள் கடையில் கிடைக்கிற ஏதோ ஒன்றை அளவில்லாமல் அடிக்கிறார்கள். காற்றில் அது தேயிலைக்கும் வரும்.

செய்யக்கூடியது முட்டையைப் பிடிப்பதுதான். பூச்சி முற்றிய இலையின் மேல்பக்கத்தில் முட்டை வைக்கும். மீன் செதிள் அடுக்கினாற்போல தட்டையாக, மஞ்சளாகத் தெரியும். ஒரு கும்பலில் நூறுக்கு மேலும் இருக்கலாம். கண்டால் அந்த இலையைப் பறித்து ஒரு பைக்குள் போட்டு, மாலையில் எரித்துவிடுங்கள். குளவி வாழ்வது புழுவில் என்பதால் இதனால் அதற்குச் சேதமில்லை. சுருண்ட இலைக்குள் காய்ந்த புழுவும் பக்கத்தில் சின்னக் கூடும் இருந்தால் நசுக்க வேண்டாம், அது குளவியின் கூடு.

இந்த வேலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம். அவர்கள் பள்ளிக்கூடம் போகட்டும். ஒரு மலையில் திடீரென்று அதிகமாகக் கண்டால், மலையின் நம்பரோடு கங்காணியிடமோ கள ஐயாவிடமோ அன்றைக்கே சொல்லுங்கள்.