ஹீட்டர் ப்ளோயர் ஓடலையா? மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க

டிசம்பர் மாசம், விடியற்காலை நாலு மணி. ஊட்டியில கேரட் மூட்டை ஏத்தின ஒரு பழைய பிக்கப் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. வெளியே நடுக்குற குளிர். கேபினுக்குள்ள மூணு பேரோட மூச்சு. அந்த மூச்சில இருக்கிற ஈரம் சில்லுன்னு இருக்கிற முன் கண்ணாடியில பட்டு, உள்பக்கமா புகை மாதிரி படியுது. டிரைவர் அண்ணனுக்கு ஒரு கையில ஸ்டியரிங், இன்னொரு கையில துணி. எதிர்ல கொண்டை ஊசி வளைவு.

அந்தக் கண்ணாடியைத் தெளிவாக்க வேண்டியது துணி இல்லை, ஹீட்டர் ப்ளோயர். சமவெளியில இருக்கிற நமக்கு ஹீட்டர்னா டேஷ்போர்டுல சும்மா இருக்கிற ஒரு நாப். மலையில அது ஹெட்லைட், வைப்பர் மாதிரி ஒரு பாதுகாப்புச் சாதனம்.

அது நின்னுபோனா உடனே வர்ற தீர்ப்பு, "மோட்டார் போயிடுச்சு, மாத்திடலாம்." பல நேரம் மோட்டார் நல்லாத்தான் இருக்கும். முதல் வருஷத்துல படிச்ச ஓம் விதி, ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப். இந்த மூணும் இருந்தா உண்மையான குற்றவாளியை நாமே பிடிக்கலாம்.

உள்ளே என்ன நடக்குது?

இன்ஜின் சூட்டை வாங்கிட்டு வர்ற கூலன்ட், டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற ஹீட்டர் கோர்ங்கிற குட்டி ரேடியேட்டர் வழியா ஓடும். ப்ளோயர் காத்தை அதன் மேல தள்ளும். சூடான காத்து கண்ணாடியில பட்டதும் ஈரம் ஆவியாகிடும்.

மின்சாரப் பாதையும் எளிமையானதுதான்: பேட்டரி, ஃபியூஸ், ரிலே, மோட்டார், ரெசிஸ்டர், ஸ்பீடு சுவிட்ச், கடைசியா எர்த். சில வண்டியில சுவிட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கு முன்னாடி வரும், சிலதுல எர்த் பக்கம் வரும். அதனால வயரிங் டயகிராமைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

இதுல முக்கியமான ஆள் ரெசிஸ்டர். ஸ்பீடைக் குறைக்க, மோட்டாரோட சீரிஸ்ல அது சேரும். உதாரணமா 14 வோல்ட் சப்ளை, 1 ஓம் ரெசிஸ்டர், 6 ஆம்பியர் கரண்ட்னு எடுத்துக்கலாம். ரெசிஸ்டர்ல 6 வோல்ட் இறங்கிடும், மோட்டாருக்கு 8 வோல்ட்தான் போகும். ரெசிஸ்டர்ல வீணாகுற சூடு 36 வாட். நம்ம லேப்ல இருக்கிற சோல்டரிங் அயர்ன் அளவு சூடு! அதனாலதான் ரெசிஸ்டரை ப்ளோயர் காத்து படுற இடத்துலயே பொருத்தியிருப்பாங்க. ஃபுல் ஸ்பீடுல மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி கரண்ட் நேரா போயிடும்.

அறிகுறியே பாதி பதில்

ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு ஸ்பீடும் போட்டுப் பாருங்க.

- ஃபுல் ஸ்பீடு மட்டும் ஓடுது, மத்ததெல்லாம் இல்லை: ரெசிஸ்டரோ, அதுல இருக்கிற தெர்மல் ஃபியூஸோ போயிருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் மேல பழி போடாதீங்க.
- எந்த ஸ்பீடும் இல்லை: ஃபியூஸ், ரிலே, எர்த், மோட்டார் எல்லாமே சந்தேகப் பட்டியல்ல இருக்கு.
- மோட்டார் பாடியில லேசா தட்டினா ஓடுது: உள்ளே கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும்.
- கீச் கீச்னு சத்தம்: புஷ் காய்ஞ்சிருக்கும், இல்லைன்னா ஃபேன்ல இலை, குப்பை மாட்டியிருக்கும்.
- காத்து நல்லா வருது, ஆனா சூடு இல்லை: இது மின்சாரக் கோளாறே இல்லை. கூலன்ட் குறைஞ்சிருக்கலாம், ஹீட்டர் கோர் அடைச்சிருக்கலாம், தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்கலாம்.

கரண்ட் போற வழியில நீங்களும் போங்க

எந்த ஸ்பீடும் இல்லைன்னா, முதல்ல ஃபியூஸ். கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க. சாவி ஆன்ல இருக்கும்போது ஃபியூஸோட ரெண்டு முனையிலயும் டெஸ்ட் லேம்ப் வைங்க. ரெண்டுலயும் எரியணும்.

அடுத்து மோட்டார் கனெக்டர். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கனெக்டரைக் கழட்டி மீட்டர் வெச்சா 12 வோல்ட் காட்டும். "சப்ளை வருதே, அப்போ மோட்டார்தான் அவுட்"னு தோணும். அவசரப்படாதீங்க. மீட்டர் இழுக்கிற கரண்ட் மிகமிகக் கம்மி. வயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாக்கூட அது 12 வோல்ட் காட்டும். மோட்டார் 15 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த வயரோட லட்சணம் தெரியும்.

அதனால கனெக்டர் மாட்டியிருக்கும்போதே, ஃபுல் ஸ்பீடு ஆன்ல வெச்சு, பின்பக்கமா புரோப் செருகி அளங்க. கறுப்பு புரோப் பேட்டரி நெகட்டிவ்ல, சிவப்பு புரோப் மோட்டாரோட எர்த் முனையில. அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. 3 வோல்ட் காட்டினா அந்தப் பாதையில எங்கேயோ துரு, தளர்ந்த போல்ட், இல்லைன்னா கருகின சுவிட்ச் இருக்கு. கணக்குப் பாருங்க: 15 ஆம்பியர்ல 3 வோல்ட் இறங்குதுன்னா வெறும் 0.2 ஓம்தான் காரணம். ஆனா அந்த ஒரு இடத்துல 45 வாட் சூடு. பிளாஸ்டிக் கனெக்டர் உருகுறது இப்படித்தான். பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி பேட்டரி பாசிட்டிவ்லேருந்து மோட்டார் வரைக்கும் அளங்க.

ரெண்டு பக்கமும் சரியா இருந்து, மோட்டாருக்கு முழு வோல்டேஜ் கிடைச்சும் சுத்தலைன்னா, அப்போ தாராளமா மோட்டாரை மாத்துங்க.

மாத்தின ரெசிஸ்டர் திரும்பவும் எரியுதா?

அப்போ ரெசிஸ்டர் பாதிக்கப்பட்ட ஆள்தான், குற்றவாளி வேற. மோட்டார் இறுகிப்போய் சுத்த சிரமப்பட்டா பேக் இஎம்எஃப் குறையும், கரண்ட் கூடும். ஃபேன் மெதுவா சுத்துறதால ரெசிஸ்டரைக் குளிர வைக்கிற காத்தும் குறையும். ரெண்டு பக்கமும் அடி. ஃபேனைக் கையால சுத்திப் பாருங்க (பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு!). லேசா சுத்தணும். கரண்ட் அளக்க டிசி கிளாம்ப் மீட்டர் பயன்படுத்துங்க. சாதாரண மல்டிமீட்டர் பொதுவா 10 ஆம்பியர் வரைக்கும்தான் தாங்கும். அதை சீரிஸ்ல போட்டா மீட்டரோட ஃபியூஸ்தான் போகும்.

இதை மட்டும் செய்யாதீங்க

ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸோ, சிகரெட் பெட்டி ஃபாயிலோ போடாதீங்க. ஃபியூஸ் இருக்கிறது வயரைக் காப்பாத்த. அது உருகலைன்னா அடுத்து உருகுறது டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற வயர்.

சரி, இன்னிக்கு ராத்திரியே வண்டி கிளம்பணும்னா? ஃபுல் ஸ்பீடு மட்டும் ஓடினா அதையே போட்டு, கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காத்து உள்ளே வர்ற மாதிரி வைங்க. அதுவும் இல்லைன்னா ரெண்டு ஜன்னலையும் கொஞ்சம் இறக்குங்க. குளிரும், ஆனா ஈரம் வெளியேறும். அப்பவும் பாதை தெரியலைன்னா ஓரமா நிறுத்திடுங்க. கேரட் ஒரு மணி நேரம் காத்திருக்கும்.

லேப்ல வோல்டேஜ் டிராப்னா ரெக்கார்டு நோட்டுல ஒரு டேபிள், அவ்வளவுதான். மலைப்பாதையில அது டிரைவருக்கு அடுத்த வளைவு தெரியுமா தெரியாதாங்கிற கேள்வி. அடுத்த தடவை உங்க மாமாவோ சித்தப்பாவோ "ப்ளோயர் ஓடலைப்பா"ன்னு சொன்னா, பார்ட்ஸ் கடைக்கு ஓடாம மீட்டரோட போங்க.