பிறந்த குழந்தைக்கு எல்லாம் 'நார்மல்' தானா? டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்க வேண்டிய பரிசோதனைகள் என்ன?

"குழந்தை அழுதுச்சா? கை, கால் எல்லாம் நல்லா இருக்கா?" பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் செவிலியரிடம் முதலில் கேட்பது இந்த இரண்டு கேள்விகளைத்தான். 'ஆமாம்' என்று பதில் வந்ததும் ஸ்வீட் வாங்க ஆள் கிளம்பிவிடும்.

ஆனால், பிறவிக் குறைபாடுகளில் கண்ணுக்குத் தெரிபவை ஒரு பகுதிதான். உதட்டுப் பிளவும் வளைந்த பாதமும் பிறந்த நிமிடமே தெரிந்துவிடும். இதயக் குறைபாடு, தைராய்டு குறைபாடு, காது கேளாமை போன்றவை நல்ல எடையோடு கொழுகொழுவெனப் பிறந்த குழந்தையிடமும் ஒளிந்திருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு உண்டு. அதைத் தவறவிட்டால் அதே சிகிச்சை பாதிப் பலன்தான் தரும்.

ஸ்கேனில் தெரியாதா?

கர்ப்பத்தின் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படும் அனாமலி ஸ்கேனில் குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் அமைப்பு தெரியும். அதைத் தவறாமல் எடுக்க வேண்டும். ஆனால் ஸ்கேன் காட்டுவது உறுப்பின் வடிவத்தை. தைராய்டு சரியாகச் சுரக்கிறதா, காது கேட்கிறதா என்பதை அது சொல்லாது. இதயக் குறைபாடுகளிலும் சில கண்ணில் படாமல் தப்பிவிடும். "ஸ்கேன் எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே" என்ற நம்பிக்கை பிறந்த பிறகு செய்ய வேண்டிய பரிசோதனைகளுக்குத் தடையாகிவிடக் கூடாது.

அழவே அழாத 'சமத்து' குழந்தை

"எங்க குழந்தை ரொம்ப சமத்து. அழவே அழாது, பால் குடிச்சா தூங்கிடும்." கேட்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் எழுப்பினாலும் பால் குடிக்காமல் எப்போதும் தூங்கும் குழந்தைக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருக்கலாம். மலச்சிக்கல், கரகரப்பான அழுகை, நீண்ட நாள் நீடிக்கும் மஞ்சள் காமாலை ஆகியவையும் இதன் அறிகுறிகள். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான குழந்தைகளிடம் முதல் சில வாரங்களில் எந்த அறிகுறியும் இருக்காது. அது தெரிய வருவதற்குள் மூளை வளர்ச்சி பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும்.

இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. பிறந்து 2, 3 நாட்களில் குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதித்தால் போதும். பிறந்த இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து, படித்து, வேலைக்குப் போவார்கள். மாத்திரையின் விலையும் குறைவுதான்.

கொரோனா காலக் கருவி இங்கேயும் உதவும்

ஆயிரத்தில் சுமார் 8 முதல் 10 குழந்தைகள் இதயக் குறைபாட்டோடு பிறக்கின்றன. பெரும்பாலானவை சாதாரணமானவை, சில தானாகவே சரியாகும். ஆபத்தான வகைகள்தான் ஏமாற்றுபவை. கருவில் இருக்கும்போது இதயத்தின் அருகே திறந்திருக்கும் ஒரு சிறு ரத்தக் குழாய், பிறந்த பிறகு சில நாட்களில் மூடிக்கொள்ளும். அதுவரை அந்தக் குழாயின் தயவில் குழந்தை நன்றாகவே இருக்கும். மூடும்போது, அநேகமாக வீட்டுக்கு வந்த பிறகு, திடீரென உடல்நிலை மோசமாகும்.

இதை முன்பே பிடிக்கப் பயன்படுவது, கொரோனா காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்த அதே பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு ஏற்ற சென்சார் தேவை என்பதால் இதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். அளவு 95 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தாலோ மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் எக்கோ எடுப்பார்கள். 90-க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, விட்டுவிட்டுக் குடித்து மூச்சு வாங்குவது, உதடும் நாக்கும் நீலமாவது ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மஞ்சள் காமாலையா? மலத்தின் நிறத்தைப் பாருங்கள்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது சகஜம்; பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். "இளம் வெயில்ல காட்டு, சரியாயிடும்" என்ற வீட்டுப் பெரியவர்களின் பேச்சை நம்பி ஒன்றரை, இரண்டு மாதம் காத்திருப்பதில்தான் ஆபத்து. மலம் சுண்ணாம்பு போல வெளிறி, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை பிறந்த 60 நாட்களுக்குள் நடந்தால் பலன் அதிகம். தாமதமானால் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். எனவே 14 நாட்களைத் தாண்டிய மஞ்சள் காமாலைக்கு ரத்தப் பரிசோதனை அவசியம்.

காது விஷயத்திலும் வீட்டுச் சோதனை ஏமாற்றிவிடும். தட்டைத் தட்டினால் குழந்தை திரும்புவது, சத்தத்தால் அல்லாமல் அதிர்வாலோ நிழல் அசைவாலோகூட இருக்கலாம். தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்து சில நிமிடங்களில் செய்யும் பரிசோதனை இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் இந்தப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலக அளவில் பின்பற்றப்படும் கணக்கு.

கிரகணம் காரணமல்ல

உதட்டுப் பிளவோடு குழந்தை பிறந்தால், "கிரகணத்தப்போ வெளிய வந்தியா?" என்று தாயைக் குற்றவாளியாக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உதட்டை சுமார் 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிடலாம். அதுவரை குழந்தைக்கு எப்படிப் பால் கொடுப்பது என்று கற்றுக்கொள்வதுதான் முதல் தேவை.

வளைந்த பாதத்துக்கு முதல் சில வாரங்களிலேயே வாரம் ஒரு மாவுக்கட்டு எனத் தொடங்கினால், பெரிய அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். பலர் சறுக்குவது அதற்குப் பிறகுதான். பாதம் நேரானதும், இரவில் போட வேண்டிய சிறப்புக் காலணியைப் "பாவம், குழந்தை அழுது" என்று கழற்றிவிடுகிறார்கள். சுமார் 4 வயது வரை அதைப் போடாவிட்டால் பாதம் மறுபடி வளைந்துவிடும்.

எங்கே போவது?

2013-ல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரை அரசு மருத்துவமனை, அங்கன்வாடி, அரசுப் பள்ளிகளில் இலவசப் பரிசோதனை உண்டு. குறைபாடு தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம். தனியார் மருத்துவமனை என்றால், குதிகால் ரத்தம், ஆக்சிஜன் அளவு, காது கேட்கும் திறன் ஆகிய மூன்று பரிசோதனைகளும் முடிந்ததா என்று டிஸ்சார்ஜ் அன்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும் ஒரு விஷயம். முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை, கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்குவது தாமதம்தான். கரு உருவான 28 நாட்களுக்குள், அதாவது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியும் முன், முதுகுத்தண்டின் அடிப்படை அமைப்பு மூடிவிடுகிறது. எனவே குறைந்தது ஒரு மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே இந்தக் குறைபாட்டோடு குழந்தை பிறந்திருந்தால் இன்னும் அதிக அளவு தேவைப்படும். அதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.