பட்டில் ஓவியம்: முதல் பாடம் வண்ணத்துக்கு அணை கட்டுவது!

துப்பட்டா, தலையணை உறை என்று காட்டனில் ஃபேப்ரிக் பெயின்டிங் செய்து பழகியவர்களுக்கு அடுத்து வருவது பட்டு ஆசை. அதே தைரியத்தில் பட்டில் ஒரு பூவிதழ் வரைந்தால், கண்ணெதிரே வண்ணம் நாலாபுறமும் ஓடிவிடும். 'நமக்கு இது சரிப்படாது' என்று பலர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுவது இங்கேதான். தப்பு கையில் இல்லை, முறைதான் வேறு.

ஃபேப்ரிக் பெயின்ட் கெட்டியானது, துணியின் மேல் படலமாக உட்காரும். பட்டுக்கான வண்ணமோ தண்ணீர் போல இழைக்குள் ஊறி ஓடும். காய்ந்த பிறகும் பட்டின் மென்மையும் மினுமினுப்பும் மாறாமல் இருப்பது அதனால்தான். எனவே, ஓடும் வண்ணத்துக்கு முதலில் அணை கட்ட வேண்டும்.

எந்தப் பட்டு?

பீரோவில் இருக்கும் காஞ்சிப் பட்டில் கை வைக்காதீர்கள். இந்த வண்ணங்கள் கண்ணாடி போல ஊடுருவித் தெரிபவை. அடர் நிறத் துணியில் எடுபடாது. மெல்லிய வெள்ளை 'ஹபோடாய்' பட்டில் கைக்குட்டை அளவு போதும். பட்டின் எடையை 'மம்மி' என்ற அளவில் சொல்வார்கள். 8 மம்மி துணி ஆரம்பத்துக்கு நல்லது. மிதமான நீரில் ஷாம்பூ கலந்து அலசி, கஞ்சி போக்கி, நிழலில் உலர்த்துங்கள்.

வரையும் முறை

* துணியை மரச் சட்டத்தில் விறைப்பாகப் பொருத்துங்கள். அடியில் மேஜை படக்கூடாது.

* பென்சிலால் லேசாக வரைந்து, அதன் மேல் 'கட்டா' என்ற பசையால் கோடு போடுங்கள். இதுதான் அணை. நீரில் கரையும் வகையை வாங்குங்கள்.

* காய்ந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் வண்ணம் கசியும். பசை பின்பக்கம் வரை இறங்கியிருக்க வேண்டும். தடித்த பட்டு தொடக்கத்துக்கு வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

* கோட்டை ஒட்டித் தீட்டாமல், நடுவில் பிரஷ்ஷை வையுங்கள். வண்ணம் தானாகப் பரவிக் கோட்டில் நிற்கும்.

* பின்னணி ஈரமாக இருக்கும்போதே கல் உப்பு தூவிப் பாருங்கள். உப்பு ஈரத்தை இழுக்க, வண்ணமும் கூடவே நகர்ந்து நட்சத்திரக் கோலங்கள் விழும். காய்ந்ததும் உதறிவிடுங்கள்.

நிலைக்க வைப்பது

சில வண்ணங்கள் இஸ்திரிச் சூட்டில் நிலைக்கும். சிலவற்றை ஆவியில் வேகவைக்க வேண்டும். புதியவர்களுக்கு முதல் வகைதான் சுலபம். நன்றாக உலர்ந்தபின் பின்பக்கமாக, மெல்லிய பருத்தித் துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள். சூடும் நேரமும் பாட்டில் லேபிளில் சொன்னபடி இருக்கட்டும். பிறகு அலசினால் பசை நீங்கி, வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரியும்.

ஆர்டர் எடுக்கும் முன்...

'என் புடவைக்கும் போட்டுத் தாயேன்' என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள். தீட்டிய துண்டு ஒன்றை அலசிப் பாருங்கள். வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பாதியைக் காகிதத்தால் மூடி, சில வாரங்கள் ஜன்னல் வெயிலில் வைத்து, மூடிய பாதியோடு ஒப்பிடுங்கள். மூன்றிலும் தேறினால் மட்டும் காசு வாங்குங்கள். பாழான புடவைக்குப் பணம் தந்துவிடலாம். அது அவர்கள் அம்மா கட்டிய புடவையாக இருந்தால் என்ன தருவீர்கள்?