பெரியப்பா ஜீப்பில் ட்ராக்டர் இன்ஜின்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில், பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் ஒரு ஜீப் நிற்கிறது. மஹிந்திரா சிஜே-3பி, 1968 மாடல். பெரியப்பா மாமல்லபுரம் சிற்பக் கூடங்களுக்குக் கல் சப்ளை செய்தவர். பின்னால் ட்ரெய்லர் மாட்டி, கருங்கல்லை இழுத்துக்கொண்டு போவார். 1984-ல் அதன் பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிவிட்டு ஒரு பழைய ட்ராக்டரின் டீசல் இன்ஜினைப் பொருத்தினார். அந்த வண்டி இழுக்காத கல் இல்லை என்று ஊரில் இன்னும் சொல்லுவாங்க.

போன வருஷம் அண்ணன் (பெரியப்பா மகன்) பதிவைப் புதுப்பிக்க வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆய்வாளர் பானெட்டைத் திறந்து பார்த்தார், ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார், மூடிவிட்டார். புத்தகத்தில் பெட்ரோல், உள்ளே டீசல். இன்ஜின் நம்பரும் வேற. அவர் செய்தது சரிதான். நாற்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். "நீ இன்ஜினியர்தானே, என்ன பண்ணலாம்னு பாரு" என்று அண்ணன் என்னிடம் தள்ளிவிட்டார். நான் எழுதுவது கோடு, ஆனாலும் மறுக்க முடியவில்லை. இந்தக் குறிப்பு அப்படித்தான் தொடங்கியது.

முதலில், ஏன் இப்படிச் செய்தார்கள்? பெரியப்பா மட்டும் இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஜீப் வைத்திருந்த பாதிப் பேருக்கு இதே யோசனைதான். அம்பாசடரில் மேட்டடார் இன்ஜின் போட்ட கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். டீசல் விலை குறைவு என்பது ஒரு காரணம். நாங்கள் மறந்துபோன இன்னொரு காரணம் பம்ப்செட். ஊருக்கு ஊர் டீசல் பம்ப்செட் ஓடியதால் இன்ஜெக்டர் கழட்டத் தெரிந்த ஆள் எந்தக் கிராமத்திலும் இருந்தார். கார்புரேட்டர் ட்யூன் பண்ணத் தெரிந்தவரைத் தேடி மெட்ராஸ் வரைக்கும் போகணும்.

கம்பெனியும் அதைத்தான் செய்தது. மஹிந்திரா, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் மூன்றும் சேர்ந்து 1963-ல் ஒரு ட்ராக்டர் கம்பெனி தொடங்கின. பி-275 ட்ராக்டர் அங்கிருந்து வந்ததுதான். 1970களில் அந்த ட்ராக்டர் குடும்பத்து டீசல் இன்ஜினையே ஜீப்பிலும் வைத்து விற்றார்கள். வெளிநாட்டிலும் இது புதுசு இல்லை. அமெரிக்காவில் 1960களில் சிஜே-5 ஜீப்புக்கு பெர்கின்ஸ் டீசல் கேட்டு வாங்கலாம். ஜப்பானில் மிட்சுபிஷி தன் லைசென்ஸ் ஜீப்புக்கு அதே 2,199 சிசி அளவில் ஒரு டீசலே செய்தது. அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, அதனால் அங்கே அது பெரிதாக எடுபடவில்லை.

இங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி. "டீசல்ல இழுவை ஜாஸ்தி" என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பழைய பெட்ரோல் இன்ஜின் வில்லிஸ் ஹரிக்கேன். உள்வாங்கும் வால்வு ஹெட்டில், வெளியேற்றும் வால்வு பிளாக்கில் என்று விசித்திரமான அமைப்பு. அதனால் இன்ஜின் உயரமாகி, அதை மூட சிஜே-3பியின் பானெட்டையே உயர்த்தினார்கள். அதன் உச்ச டார்க் சுமார் 155 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,000 ஆர்பிஎம்மிலேயே. பிறகு மஹிந்திரா போட்ட பெஜோ டீசல் 2,112 சிசி. அதன் டார்க் 120-க்குப் பக்கத்தில்தான். டர்போ இல்லாத டீசல், அதே சைஸ் பெட்ரோலை விட இழுவையில் பெரிசு இல்லை. சொல்லப்போனால் குறைவு.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் அது யானை மாதிரித் தெரிந்தது? கவர்னர். பெட்ரோல் வண்டியில் மேடு வந்தால் ஆர்பிஎம் இறங்கும், நாம்தான் காலை அழுத்தணும். ஒரு நொடி தவறினால் வண்டி நின்றுவிடும். ட்ராக்டர் டீசலில் நாம் வைப்பது வேகத்தை. சுமை ஏறி ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கினதும் பம்ப்பில் இருக்கிற கவர்னர் தானாகவே டீசலைக் கூட்டிவிடும். எங்கள் தொழிலில் இதை ஃபீட்பேக் லூப் என்போம். ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டாலும் வண்டி ஊர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த ஊர்தலுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். முதல் கியர் 2.8, லோ ரேஞ்ச் 2.46, ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் போகும். இன்ஜின் 600 ஆர்பிஎம்மில் ஐடிலில் நின்றால் வண்டி மணிக்கு 2 கிலோமீட்டர். பக்கத்தில் ஒருத்தர் நடந்துகொண்டே கல் சரிகிறதா என்று பார்க்கலாம். பெரியப்பா செய்தது இதுதான்.

இதே கணக்கு ரோட்டில் தலைகீழாகத் திரும்பும். டாப் கியரில் விகிதம் வெறும் 5.38. பெட்ரோல் இன்ஜின் 4,000 ஆர்பிஎம் சுற்றும், அதில் 98 கிலோமீட்டர் வேகம். ட்ராக்டர் இன்ஜினின் கவர்னர் 2,000 பக்கத்திலேயே கையைப் பிடித்துவிடும். 2,000-ல் வேகம் 49. ஜிஎஸ்டி ரோட்டில் பின்னால் வருகிற பஸ் எல்லாம் ஹாரன் அடிக்கும் வேகம் அது. தீர்வு ஆக்ஸிலில் இருக்கிறது. பல்சக்கரத்தை 4.27-க்கு மாற்றினால் அதே 2,000-ல் 62 வரும். பெரியப்பா மாற்றவில்லை, அவருக்கு அவசரமே கிடையாது. கம்பெனி பெஜோவுக்குப் போன காரணமும் இங்கேதான் புரிகிறது. அது கார் இன்ஜின், 4,500 வரை சுற்றும், ஜீப்பின் கியரோடு ஒத்துப்போகும். டீசல் மாற்ற நினைப்பவர்கள் குதிரைத்திறனைப் பார்க்கும் முன்னால் இதைப் பார்க்கணும்.

பொருத்துகிற வேலையில் எல்லோரும் தவறுகிற இடம் அடாப்டர் பிளேட். இன்ஜினின் பின்பக்க போல்ட் துளைகளும் கியர்பாக்ஸின் துளைகளும் ஒத்து வராது, நடுவில் ஒரு தடித்த இரும்புத் தகடு வெட்டிப் போடணும். தகடு வெட்டுவது சுலபம். கிராங்க்ஷாஃப்ட்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் வருவதுதான் வேலை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால்கூட பைலட் புஷ் தேயும், கிளட்ச் உதறும், கியர் தானாகக் கழன்று வரும். பெரியப்பா வண்டியில் இரண்டாம் கியரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டணும். சின்ன வயதில் அதை வண்டியின் குணம் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் எடை. ட்ராக்டர் இன்ஜின் இரும்புக் கட்டி. முன் ஸ்பிரிங்கில் பட்டை கூட்டாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆயில் சம்ப் முன் ஆக்ஸிலில் இடிக்கும். செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இஞ்சின விடுங்க, சேசிஸப் பாருங்க" என்றார். இடது இன்ஜின் மவுண்ட் பக்கத்தில் பழைய வெல்டிங் மூன்று இடத்தில். அதிர்வு பாதி, கடற்காற்றின் உப்பு பாதி. மணலிலும் இந்த எடைதான் எதிரி. கடற்கரையில் ஜீப் ஓட்ட டீசல்தான் சரி என்பார்கள். ஆனால் தளர்ந்த மணலில் வேண்டியது லேசான மூக்கும் சக்கர வேகமும், அங்கே பழைய பெட்ரோல் வண்டியே தேவலை. (தயவுசெய்து சோதித்துப் பார்க்காதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும்.)

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதோடு முரண்படுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்கணும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. நாங்கள் நாற்பது வருஷம் தாமதம்.

இன்னொரு வழி 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள். ஐம்பது வயது தாண்டிய வண்டியைத் தனியாகப் பதியலாம், பத்து வருஷம் செல்லும். எங்கள் ஜீப்புக்கு வயது இருக்கிறது. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. பதிந்த பிறகும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். மாமல்லபுரம் போய் மீன் வாங்கிட்டு வர முடியாது.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "அப்பா போட்ட இஞ்சின எடுத்துட்டா அது அப்பா வண்டியே இல்லடா" என்றார். எனக்கும் பதில் இல்லை. பெரியப்பாவின் நோட்டைக் காட்டினேன். பெட்ரோலில் லிட்டருக்கு 7 என்றும் டீசலில் 12 என்றும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். மனிதர் கணக்குக்காக மாற்றினார், பாசத்துக்காக இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போன பிறகு அந்தக் கணக்கின் பாதி போய்விட்டது. அண்ணன் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே போன் பண்ணி வரச்சொன்னார். கழட்டிய ஹரிக்கேன் இன்ஜின் கொட்டகையின் மூலையிலேயே சாக்குக்குக் கீழே கிடந்தது, நம்பர் பிளாக்கில் தெளிவாக இருக்கிறது, ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. பிளக் துளைகளில் டீசலும் கிரீஸ் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்தோம். நாலாவது நாள் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் கால் சுற்று நகர்ந்தது. இந்த வாரம் ஹெட்டைக் கழட்டுகிறோம். டீசல் இன்ஜினை விற்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்தச் சாக்குக்குக் கீழே இனி அது.