தம்பதியின் கைவினை ஆர்வத்தில் வளர்ந்த சாந்திநிகேதன் தோல் பொருள்கள்

கொல்கத்தா: மேற்கு வங்க மாநிலம் பீர்பூம் மாவட்டத்தின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்கும் சாந்திநிகேதன் தோல் பொருள்களின் தொடக்கம், ஒரு கணவன்-மனைவியின் கைவினை ஆர்வத்துடன் தொடர்புடையது. அவர்கள், கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் அவரது மனைவி பிரதிமா தேவியும் ஆவர்.

1910-இல் மணம் புரிந்த இவர்களில், ரதீந்திரநாத் அமெரிக்காவில் வேளாண்மை பயின்றவர். பிரதிமா தேவி ஓவியக் கலைஞர். தோலில் சித்திர வேலைப்பாடு செய்யும் முறையைக் கற்ற இருவரும், ஊரக மறுசீரமைப்புக்காக 1922-இல் நிறுவப்பட்ட ஸ்ரீநிகேதனில் அதனை அறிமுகப்படுத்தினர். தோல் தொழில் குறிப்பிட்ட சாதியினருக்கே உரியது என ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், ஜமீன்தார் குடும்பத்தினர் அதனைத் தம் கைகளால் செய்தது குறிப்பிடத்தக்கது.

இக்கலைக்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. வீட்டின் ஒரு மூலையே போதுமானது. ஆனால், தோலின் தேர்வு முக்கியமானது. மரப்பட்டை, காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிடப்பட்ட ஆட்டுத்தோல் நீரை உறிஞ்சி இளகும். அந்நிலையில் அழுத்தப்படும் வடிவம் உலர்ந்த பின்னும் நிலைத்திருக்கும். குரோமிய உப்பினால் பதனிடப்பட்ட தோலில் இவ்வாறு வடிவம் எளிதில் பதியாது.

ஈரமாக்கப்பட்ட தோலில் முதலில் கோலம் வரையப்படுகிறது. பின்னர் உலோகக் கருவியால் அழுத்தி வடிவம் புடைப்பாக்கப்பட்டு, தூரிகையால் சாயம் தீட்டப்படுகிறது. பாத்திக் முறையில், காப்புப் பூச்சில் உண்டாகும் விரிசல்கள் வழியே சாயம் இறங்கி நரம்பு போன்ற கோடுகளை ஏற்படுத்துகிறது. விளிம்புகளில் துளையிட்டு மெல்லிய தோல் வாரினால் பின்னியதும் பணப்பையோ கைப்பையோ உருவாகிறது.

பொழுதுபோக்காகக் கற்பவருக்குக் கோடு பிசகினால் ஒரு தோல் துண்டுதான் இழப்பு. இதையே நம்பி வாழும் கைவினைஞருக்கோ அது ஒரு நாள் உழைப்பின் இழப்பாகும். இயந்திரத்தில் அச்சிடப்பட்ட மலிவான போலிப் பொருள்கள் அதே பெயரில் விற்கப்படும்போது இழப்பு மேலும் பெருகுகிறது.

இதனைத் தடுக்கவே சாந்திநிகேதன் தோல் பொருள்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. இதற்கான பதிவகம் சென்னையில் செயல்பட்டு வருகிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். போலியாகப் பயன்படுத்துவோருக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

எனினும், சட்டம் பெயரை மட்டுமே காக்கும். வாங்குவோர் புடைப்பைத் தடவிப் பார்த்து, விளிம்பின் பின்னலைக் கவனித்து, கைவினைஞரிடமே நேரடியாக வாங்கினால்தான் உழைப்புக்குரிய விலை அவரைச் சென்றடையும்.