மேதைகளும் தவறுவது உண்டு

டெலிவிஷன் நாடகங்களில் வரும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் விஞ்ஞானிக்கும் லேசில் தவறு வராது. வந்தால், அது ஒரு துரோகியின் சதியாக இருக்கும். அல்லது தலைக்கனத்துக்குக் கிடைத்த தண்டனையாக இருக்கும். உண்மை வாழ்க்கையில் அப்படியா?

2022-ல் வெளிவந்த "ராக்கெட் பாய்ஸ்" இந்தித் தொடரை எடுத்துக் கொள்வோம். ஹோமி பாபா, விக்ரம் சாராபாய் ஆகியோரின் கதை. இருவரும் நம் பெங்களூர் டாட்டா இன்ஸ்டிடியூட்டில் சர் சி.வி.ராமன் காலத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள். நல்ல தொடர்தான். ஆனால் விறுவிறுப்புக்காக, பாபாவுக்குப் போட்டியாக ஒரு கற்பனை விஞ்ஞானியைச் சேர்த்து விட்டார்கள்.

இளைஞர் அப்துல் கலாமும் அதில் வருகிறார். ஆனால் கதை 1974 பொக்ரான் சோதனையோடு நின்று விடுகிறது. ராமேசுவரத்துக்காரரான கலாமின் பெரிய சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

கடலில் விழுந்தது

1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் பயணம். திட்ட இயக்குனர் கலாம். கடைசி நிமிடங்களில் கம்ப்யூட்டர் "நிறுத்து" என்றது. பயப்பட வேண்டாம் என்று நிபுணர்கள் சொன்னார்கள். கம்ப்யூட்டரை மீறி ராக்கெட்டை விட முடிவு செய்தது தாமே என்று கலாம் பிற்காலத்தில் மேடைகளில் கூறியிருக்கிறார்.

முதல் அடுக்கு ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கு தடுமாறியது. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்ததுதான் காரணம். சதி இல்லை, துரோகி இல்லை.

தலைவர் செய்த காரியம்

அப்போது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். டாட்டா இன்ஸ்டிடியூட்டின் டைரக்டரும் அவரே. நிருபர்கள் முன் கலாமை நிறுத்தாமல், தாமே பதில் சொன்னார். தோல்விப் பொறுப்பைத் தம் மேல் போட்டுக் கொண்டார். கலாமை வேலையை விட்டு நீக்கவும் இல்லை.

1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்று பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பினார் தவான்.

நம் ஆபீசுகளில் ஒரு தவறு நடந்தால் முதல் கேள்வி, "யார் செய்தது?" அடுத்தது மெமோ. "எப்படி நடந்தது?" என்று கேட்க நேரம் இருப்பதில்லை. மெமோவுக்குப் பயந்தவன் கசிவைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டான். அடுத்த முறையும் அதே வால்வு கசியும்.

வில்லனைத் தேடும் நாடகக்காரர்கள் இந்தக் கதையையும் எடுக்கலாம். படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் நல்லது. மெமோ எழுதுகிற அதிகாரிகளுக்கும் நல்லது.