நைல் நதியும் நம் அரியாங்குப்பத்து ஆறும்

நைல் நதி என்றதும், நாணற்பேழையில் மிதந்த குழந்தை மோசே நம் நினைவுக்கு வருகிறார். எகிப்து நாட்டிற்கு உணவளித்த அந்நதி, ஒரு காலத்தில் நம் புதுச்சேரிக்கும் வணிக வழியாய் இருந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கி.பி. முதல் நூற்றாண்டில் இத்தாலி நாட்டுச் சரக்குகள் கடல் கடந்து அலெக்சாந்திரியாவை அடைந்தன. அங்கிருந்து படகுகளில் நைல் நதி வழியே தெற்கே கோப்தோஸ் நகரை எட்டின. பின்னர் ஒட்டகங்கள் அவற்றைச் சுமந்து, பாலைவனம் கடந்து, செங்கடல் துறைமுகங்களில் சேர்த்தன. தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு மரக்கலங்கள் இந்தியா நோக்கிப் பாய்விரித்தன.

இவ்வணிகத்தோடு இணைந்திருந்தது நமது அரிக்கமேடு. செஞ்சியாற்றின் கிளையாகிய அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், நகருக்குத் தெற்கே சுமார் 4 கி.மீ. தொலைவில் அது உள்ளது. அலைமோதும் திறந்த கடற்கரையில் கிட்டாத அடைக்கலத்தை இச்சிற்றாறு கலங்களுக்கு அளித்தது. பழைய கிரேக்கக் கடற்பயணக் குறிப்பொன்று கூறும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகர்ச் செந்நிற மட்கலத் துண்டுகளும், திராட்சை இரசம் வந்த சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. அக்கலங்களின் காலம் முன்னரே தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடைத்த நம் நாட்டுப் பானைகளின் காலமும் தெளிவாயிற்று. உடைந்த ஓடு ஒன்று தென்னாட்டு வரலாற்றுக்கே அளவுகோலாயிற்று! பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய ஆய்வு, உரோமையர் வணிகத்திற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது. இங்குச் செய்யப்பட்ட கண்ணாடி மணிகள் பெரும்புகழ் பெற்றவை.

நம் திருச்சபைக்கும் இவ்வாற்றங்கரையோடு உறவுண்டு. சீயம் நாட்டில் தோன்றிய பாரீசு மறைபரப்புச் சபையின் பொதுக் குருமடம், கலவரங்களுக்குத் தப்பி 1770இல் வீராம்பட்டினத்திற்கு வந்தது. அதன் தலைவர் பிஞோ தெ பெஹேன் அடிகளார் இங்கிருந்தபோதுதான் வியத்நாம்–இலத்தீன் அகராதியை உருவாக்கினார். 1774இல் மயிலாப்பூரில் ஆயராகத் திருநிலை பெற்றார்.

வாழ்வளித்த ஆறே இன்று கரையை அரிக்கிறது. அதனினும் கொடியது மனிதர் கை. செங்கல்லுக்காகவும் மணிகளுக்காகவும் தோண்டியவர் பலர். இடம் பெயர்ந்த மணி வெறும் மணியே. கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சாட்சி.

அன்பார்ந்த பெற்றோரே, ஒரு ஞாயிறு மாலை உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். காணட்டும், கேட்கட்டும்; ஆனால் ஓர் ஓட்டையும் எடுத்து வர வேண்டாம். முன்னோர் விட்டுச்சென்ற செல்வத்திற்கு நாம் உரிமையாளர் அல்லர், காவலரே.